முதலாளிக்கு ஊற்றிய பிளேன்ரீ

27.01.2025, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. லீவில் பிள்ளைகள் எல்லாரும் ஒரு சாண் உயர்ந்து வந்திருக்கிறார்கள். நான் ஒரு சாண் அகலித்து வந்திருக்கிறேன். ஆசிரியர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றும்போது கணக்கு ரீச்சரின் கோப்பைக்குச் சீனி போட மறந்துவிட்டேன். "உங்கட சிரிப்பே போதும் ரீச்சர், சீனி என்னத்துக்கு?" என்று சமாளித்தேன். போன வருசம் முழுக்கச் சிரிக்காத மனிசி சிரித்துவிட்டார்.

விஞ்ஞானத்துக்குப் புது ரீச்சர் வந்திருக்கிறார். பெயர் நுஸ்ஹா, அட்டாளைச்சேனைக் கல்லூரியில் பயிற்சி முடித்தவராம். சின்ன வயசு. விஞ்ஞான லெப்பைத் திறந்து பார்த்துவிட்டு, "தூசே இல்ல. யாரு துடைக்கிற?" என்று கேட்டார்.

"நான்தான். அஞ்சாம் வகுப்போட நிண்ட ஆள் லெப்புக்குள்ள போறதெண்டா தும்புத்தடியோடதான் போக ஏலும்."

அவர் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் பகிடிக்குத்தான் சொன்னேன். பகிடிதானா?

30.01.2025, வியாழன்

லெப் யன்னலை வெளியே நின்று துடைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே நுஸ்ஹா ரீச்சர் பத்தாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தார். விஞ்ஞானத்துக்குப் பெண்கள் செய்த பங்களிப்பு. ஒரு வெள்ளைக்காரி ஏதோ கதிர்வீச்சை ஆராய்ந்து உலகத்திலேயே பெரிய பரிசை இரண்டு தரம் வாங்கினாராம். வாங்கட்டும், நல்லது.

பிறகு இன்னொருத்தியைப் பற்றிச் சொன்னார். உடம்புக்குள் முறுக்கின கயிறு மாதிரி ஒன்று இருக்கிறதாம். அதை அவர் கதிரால் படம் பிடித்தாராம். அவருக்குத் தெரியாமல் அந்தப் படத்தை ஆண்கள் பார்த்து, கயிற்றின் முறுக்கைக் கண்டுபிடித்து, பரிசு வாங்கினார்களாம். அதற்குள் அவர் மவுத்தாகிவிட்டார்.

"பாவம்" என்றார்கள் பிள்ளைகள்.

என் கையிலிருந்த துணி நின்றுபோனது. மவுத்தானவளுக்குப் பாவம் சொல்கிறீர்கள். யன்னலுக்கு வெளியே ஒருத்தி உயிரோடு நிற்கிறாளே!

ஸைனுலாப்தீன். எழுதிவிட்டேன். நாலு வருசமாக இந்தப் பெயரை வாயால் சொல்லவும் இல்லை, கையால் எழுதவும் இல்லை.

31.01.2025, வெள்ளி

நேற்று எழுதியதை வாசித்துப் பார்த்தேன். கோபம் எழுத்தில் வடிவாகத்தான் இருக்கிறது.

02.02.2025, ஞாயிறு

முழுவதையும் ஒருதரம் ஒழுங்காக எழுதி வைக்கிறேன். நான் போன பிறகு பாவம் சொல்வதற்காவது விசயம் தெரிந்திருக்க வேண்டும்.

மருதமுனையில் ஸைனுலாப்தீன் முதலாளியின் சாயக் கொட்டிலில் பதினாறு வருசம் நூலுக்குச் சாயம் போட்டேன். கறுப்பு, நீலம் எல்லாம் நன்றாக வரும். இளஞ்சிவப்பும் வெளிர்மஞ்சளும் சில நாள் பூப் போல வரும், சில நாள் அடுப்படித் துணி போல வரும். முதலாளி சாயம் விற்பவனோடு சண்டை பிடித்தார். எனக்குத் தண்ணீர் மேல்தான் சந்தேகம். எங்கள் கரையோரத்துக் கிணறுகள் சிலதில் இரும்பு ஊறும். குடத்துக்குள் செம்மஞ்சளாகப் படியுமே, அது.

ஒரு நாள் பால் விடாத பிளேன்ரீ மிச்சமிருந்த கோப்பைக்குள் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினேன். மை போலக் கறுத்தது. அன்றைக்கு இளஞ்சிவப்பும் பழுது. அடுத்த நாளிலிருந்து, காலையில் முதல் வேலை, ஒரு கிளாஸ் தண்ணீருக்குள் ஒரு கரண்டி தேத்தண்ணி. கறுத்தால் கலண்டரில் அந்தத் தேதிக்குக் கறுப்புப் புள்ளி. நூல் பழுதானால் சிவப்புப் புள்ளி. ஒரு வருசம் குத்தினேன். இரண்டு புள்ளியும் புருசன் பெண்சாதி மாதிரி ஒன்றாகவே வந்தன.

பிறகு மூன்று வாளி வைத்தேன். ஒன்றில் தண்ணீர் சும்மா. ஒன்றில் மணல். மற்றதில் கடற்கரைச் சிப்பி, அதற்குக் கீழே மணல், தண்ணீரை உயரத்திலிருந்து சிதறவிட்டேன். ஒரு நாள் கழித்துச் சோதித்தால் மூன்றாவது வாளித் தண்ணீர் மட்டும் கறுக்கவில்லை. அதைத்தான் முதலாளி பெரிய தொட்டியாகக் கட்டினார்.

இடையில் ஒரு தரம் சோதனை பொய் சொன்னது. தண்ணீர் கறுக்கவில்லை, நம்பிச் சாயம் போட்டோம், ஒரு கட்டு இளஞ்சிவப்பு நூல் நாசம். மூன்று நாள் யோசித்துத்தான் பிடித்தேன். என்னோடு வேலை செய்த நேசரட்ணம் அண்ணன் பிளேன்ரீக்குத் தேசிக்காய்ப் புளி விடுகிறவர். அன்றைக்கு அவருடைய கோப்பையிலிருந்துதான் எடுத்திருக்கிறேன். புளி விழுந்தால் கறுப்பு வராது. வந்த கறுப்பும் ஓடிவிடும். இது எனக்கும் அண்ணனுக்கும்தான் தெரியும். அண்ணன் இப்போது மட்டக்களப்பில் மகளோடு. முதலாளி இதை எங்களிடம் கேட்டதே இல்லை. தானாக ஒரு நாளும் செய்து பார்த்ததும் இல்லை.

2021இல் கொழும்பில் அவருக்குப் பரிசு. தண்ணீரைச் சுத்தமாக்கும் புதுக் கண்டுபிடிப்பாம். பேப்பரில் படம். நான் எப்போதும் போலப் பகிடியாகத்தான் கேட்டேன்: "முதலாளி, படத்தில என்னக் காணல்லியே. தொட்டிக்குப் பின்னாலயா நிண்ட நான்?"

கொட்டிலில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். அவர் சொன்னார்: "தேத்தண்ணி ஊத்தினவளுக்கெல்லாம் படமா? ஒண்ட பேர ஒழுங்கா எழுதத் தெரியுமா புள்ள ஒனக்கு?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதுதான் எனக்கு ஆறவில்லை. நானும் சிரித்தேன்.

அடுத்த நாள் போகவில்லை. ஒன்றை மட்டும் யாருக்கும் சொல்லாமல் வந்தேன்: மூன்று மாதத்துக்கு ஒரு தரம் சிப்பியை வெளியே எடுத்து, சிவப்புப் போகத் தேய்த்துக் கழுவ வேண்டும். கேட்கவில்லை, சொல்லவில்லை. இப்போது அங்கே கறுப்பும் நீலமும்தான் போடுகிறார்களாம். சிப்பி சிவக்கட்டும்.

05.02.2025, புதன்

நுஸ்ஹா ரீச்சர் பிள்ளைகளுக்கு வேலை கொடுத்திருக்கிறார். தங்கள் ஊரிலே, தாங்களாகச் செய்து பார்த்து ஒன்றைக் கண்டுபிடித்த ஒரு பெண்ணைத் தேட வேண்டும். கண்காட்சி வைக்கப் போகிறார்களாம்.

இடைவேளையில் பத்தாம் வகுப்பு சஹ்லா சமையல் அறைக்கு வந்தாள். கையில் ஒரு போத்தல் கிணற்றுத் தண்ணீர்.

"றம்லா ராத்தா, கொஞ்சம் பிளேன்ரீ தருவீங்களா? என்ட மூத்தவாப்பாட கண்டுபிடிப்பைச் செய்யப் போறன்."

அவளுடைய மூத்தவாப்பா யார்? ஸைனுலாப்தீன் முதலாளி. மகளின் மகள்.

"பொம்பிளையளைத்தானே தேடச் சொன்ன?"

"ஒருத்தரும் அகப்படல்ல ராத்தா. ரீச்சர்ட்ட கேட்டன். சோதனை நல்லா இரிக்கி, செய்யெண்டு சொன்னாங்க."

ஒருத்தரும் அகப்படவில்லை! அவளுக்கு முன்னால் நான் எவ்வளவு பெரிய உருப்படியாக நிற்கிறேன்.

மேசையில் யாரோ தேசிக்காய் விட்டுக் குடித்த மிச்சம் இருந்தது. அதை எடுக்கப் போனாள். என் வாய் என்னைக் கேட்காமல் கத்திவிட்டது: "அதை எடுக்காத மகள்!"

"ஏன்?"

"புளிக்கும்."

வேறு ஊற்றிக் கொடுத்தேன். எங்கள் பள்ளிக்கூடத்துக் கிணற்றுத் தண்ணீர் மையாகக் கறுத்தது. பிள்ளை துள்ளினாள். மூக்கு அப்படியே அவருடைய மூக்கு.

06.02.2025, வியாழன்

கேள், றம்லா, கேள். கண்காட்சி 19ஆம் திகதி. பெயர்: "விஞ்ஞானத்தில் பெண்கள்". பிரதம அதிதி: அல்ஹாஜ் ஸைனுலாப்தீன்! மேடையில் தன் கையாலேயே தேத்தண்ணிச் சோதனையைச் செய்து காட்டுவாராம். அதிபர் கடிதத்தை வாசிக்க வாசிக்க நான் கோப்பை நிரம்பி சோசரில் வழியும்வரை ஊற்றிக்கொண்டு நின்றேன்.

எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. முதலாளிக்கும் பிளேன்ரீ என்றால் தேசிக்காய் வேண்டும். பாதிப் பழம்.

மேடைக்குத் தேத்தண்ணி கொண்டுபோகப் போவது யார்?

09.02.2025, ஞாயிறு

என் புருசன் மசூரிடம் சொன்னேன். அவருக்கு ஓட்டோ ஓட்டுவதைத் தவிர எல்லாவற்றுக்கும் பயம்.

"விடு கா. நாலு வருசமாச்சு. அல்லாஹ் பாத்துக்குவான்."

"அல்லாஹ் பாக்கிறது அல்லாஹ்ட வேல. தேத்தண்ணி ஊத்துறது என்ட வேல."

"சபையில மனிசனக் கேவலப்படுத்தினா ஒனக்கு என்ன கிடைக்கும்?"

"அதுதான் கிடைக்கும்."

மனிசன் ஓட்டோவைக் கழுவப் போய்விட்டார். நேற்றும் கழுவினார்.

12.02.2025, புதன்

கல்முனைச் சந்தையில் தேசிக்காய் தெரிந்தெடுத்தேன், ஒவ்வொன்றாக அமத்தி. "கலியாண வீடா ராத்தா?" என்றான் கடைக்காரன். "ஓம். மாப்பிள்ளைக்குத்தான் வயசு கொஞ்சம் கூட."

17.02.2025, திங்கள்

சஹ்லா இருபத்திரண்டு வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைச் சோதித்துவிட்டாள். கண்காட்சி மட்டை முழுக்க எழுதியிருக்கிறாள். நடுவில் பெரிய எழுத்தில்: "எமது பாடசாலைக் கிணறு – இரும்பு அதிகம்". வெள்ளைக்காரிகளின் படங்கள் வரிசையாக ஒட்டியிருக்க, கடைசியில் தொப்பியோடு மூத்தவாப்பா. பஸ்ஸில் பெண்கள் பகுதிக்குள் ஏறின ஆம்பிளை மாதிரி முழிக்கிறார்.

"ராத்தா, பிழைச்சுப் போனா எல்லாரும் சிரிப்பாங்களா?" என்று கேட்டாள்.

"நீ சரியாத்தானே செஞ்சிருக்காய்" என்றேன்.

எதிரியின் பேத்தி. எனக்குப் பிடிக்கக் கூடாது. பிடிக்கிறது.

19.02.2025, புதன்

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

முதலாளி வெள்ளைச் சேட்டும் அத்தர் மணமுமாக வந்தார். என்னைக் கண்டதும், "ஆ, றம்லா! இங்கயும் தேத்தண்ணிதானா?" என்றார். "ஓம் முதலாளி, கை வேற ஒண்டும் பழகல்ல" என்றேன்.

சஹ்லா மேடை மேசையில் வெறும் தேத்தண்ணி நிரப்பிய கேத்தல் ஒன்று வைத்திருந்தாள். அதை நான் எடுத்துக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டேன். அவருக்கு முன்னால் ஒரு கோப்பை மட்டும் வைத்தேன். அரைத் தேசிக்காய் இல்லை, ஒன்று முழுக்க.

ஒரு வாய் குடித்தார். "கை மறக்கல்ல" என்றார். பிறகு பேச்சு. பொம்பிளைப் பிள்ளைகளும் படிக்க வேண்டுமாம், ஆண்கள் காட்டிய வழியில் போனால் முன்னேறலாமாம். நுஸ்ஹா ரீச்சர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சோதனை. கிளாஸில் பள்ளிக்கூடத்துக் கிணற்றுத் தண்ணீர். சஹ்லா கேத்தலைத் தேடினாள். "என்னத்துக்குப் புள்ள, இது இரிக்கே" என்று முதலாளி தன்னுடைய கோப்பையைச் சரித்து ஊற்றினார்.

கறுக்கவில்லை. இளமஞ்சளாக நின்றது.

கிளாஸைத் தூக்கிக் காட்டினார். "பாத்தீங்களா! நல்ல தண்ணி!" கைதட்டு. நான் கதவடியில் நின்று மனதுக்குள் எண்ணினேன்: இப்போது, இப்போது, இப்போது விழுவார்.

அவர் விழவில்லை. வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து வந்திருந்த சேர் மட்டையை வாசித்துவிட்டு, "அப்ப இதில இரும்பு அதிகமெண்டு எழுதியிருக்கே?" என்று கேட்டார். சபை சஹ்லாவைப் பார்த்தது. முதலாளி அவள் தலையைத் தடவினார். "புள்ள அவசரப்பட்டுட்டா. பொம்பிளப் புள்ளதானே, எங்கயாவது பிசகியிருக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். சஹ்லாவும் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். அது என்னுடைய சிரிப்பு. சாயக் கொட்டிலில் நான் சிரித்தது. நான் வைத்த பொறியில் இவள் போய் விழுந்து சிரித்துக்கொண்டு நிற்கிறாள், யா அல்லாஹ்.

எப்படி மேடை ஏறினேன் என்று தெரியாது. கையில் கேத்தல் இருந்தது.

"முதலாளி, உங்கட கோப்பைக்குள்ள தேசிக்காய் இரிக்கி."

"இரிந்தா என்ன?"

"இரிந்தா என்ன எண்டு உங்களுக்குத் தெரியாதா?"

கோப்பைக்குள் எட்டிப் பார்த்தார்.

"மகள், அதே கிணத்துத் தண்ணிய வேற கிளாஸில எடு. இத ஊத்து." சஹ்லா கேத்தலிலிருந்து ஊற்றினாள். கறுத்தது, கரும்பலகைக்குப் பூசும் ஊமத்தங்கரி மாதிரி. பின்வரிசைக்கும் தெரிந்தது. பிறகு முந்தானை முடிச்சிலிருந்த தேசிக்காய்த் துண்டை எடுத்து அதற்குள் பிழிந்தேன். கறுப்பு அப்படியே கரைந்து ஓடியது. பிள்ளைகள் "ஊ" என்று கூவினார்கள்.

"ராத்தா, இது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று நுஸ்ஹா ரீச்சர் கேட்டார்.

பகிடி ஒன்றும் வரவில்லை. "ஒரு கட்டு நூல் பழுதாப் போச்சு ரீச்சர். அதாலதான் தெரியும்."

சஹ்லா கிறுகி அவரைப் பார்த்தாள். "மூத்தவாப்பா, அந்தத் தொட்டிய யாரு கண்டுபிடிச்ச?"

அவர் தொப்பியைச் சரிசெய்தார். கோப்பையில் மிச்சமிருந்ததைக் குடித்து முடித்தார். அவர் சொல்லாத பதிலை முந்நூறு பேர் கேட்டார்கள்.

இனித்ததா? இனித்தது. பொய் எழுத மாட்டேன், நல்லா இனித்தது.

20.02.2025, வியாழன்

சஹ்லாவிடம் நானே சொன்னேன். தெரிந்துதான் தேசிக்காய் விட்டேன் என்றேன்.

"அப்ப கேத்தல ஒளிச்சதும் நீங்களா?"

"ஓம்."

"என்னப் பாத்துத்தான் எல்லாரும் சிரிச்ச."

"தெரியும் மகள். உன்னப் பாத்துச் சிரிக்கிறதுக்கு நான் செய்யல்ல."

"ஆனா சிரிச்சாங்க."

போய்விட்டாள். தேத்தண்ணி வேளைக்கும் வரவில்லை. மூக்கு மட்டுமில்லை, கோபமும் அவருடையதுதான். இல்லை. இது நியாயமான கோபம். அது என்னுடையது.

24.02.2025, திங்கள்

மெத்தைக்குக் கீழே வைத்திருந்த கலண்டரை எடுத்துக்கொண்டு போய் நுஸ்ஹா ரீச்சரிடம் கொடுத்தேன். கறுப்புப் புள்ளியும் சிவப்புப் புள்ளியும் பார்த்துவிட்டு ரீச்சர் கதிரையில் இருந்துவிட்டார். மூன்று வாளிக் கதையையும் சொன்னேன். "ராத்தா, கல்லூரியில எங்களுக்குப் படிப்பிச்ச முறை இதுதான்" என்றார்.

"கல்லூரியில வாளிக்குப் பூட்டுப் போடுவாங்களா? எங்கட கொட்டில்ல சோதனை வாளிக்குள்ளயே கால் கழுவுவாங்க."

இந்தத் தரம் சிரித்தார். கண்ணையும் துடைத்தார்.

பின்னால் சஹ்லா நின்றிருக்கிறாள். நான் காணவில்லை. ரீச்சரிடமிருந்து கலண்டரை வாங்கி, மாதம் மாதமாகப் புள்ளி எண்ணத் தொடங்கினாள்.

28.02.2025, வெள்ளி

நோன்பு லீவுக்குப் பள்ளிக்கூடம் மூடியது. மட்டையில் மூத்தவாப்பா இருந்த இடத்தில் இப்போது பசையோடு கிழிந்த வெள்ளைத் தழும்பு. என் படம் கேட்டார்கள். என்னிடம் இருப்பது அடையாள அட்டைப் படம் ஒன்றுதான், பொலிஸ் பிடித்துக்கொண்டு போய் எடுத்த மாதிரி. அதையே ஒட்டினாள் சஹ்லா. கீழே கலண்டரைத் தொங்கவிட்டாள். என்னோடு இன்னும் சரியாகக் கதைக்கவில்லை. ஆனால் படத்தை நேராக ஒட்டியிருக்கிறாள், அடிமட்டம் வைத்து.

08.03.2025, சனி, நோன்பு 7

அசருக்குப் பிறகு சஹ்லா உம்மாவோடு வந்தாள். முதலாளி அனுப்பியிருக்கிறார். பெருநாளைக்கு இளஞ்சிவப்பில் பெரிய ஓடர் கிடைத்திருக்கிறதாம். போட்ட நூலெல்லாம் மங்கல். நான் ஒருக்கா வந்து தொட்டியைப் பார்ப்பேனா என்று கேட்கச் சொன்னாராம்.

நாலு வருசமாக இந்தக் கேள்விக்குக் காத்திருந்தேன். இல்லை என்று சொல்லத்தான் காத்திருந்தேன். பதில் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் கொட்டிலில் பன்னிரண்டு குடும்பம் பெருநாளை எதிர்பார்த்து நிற்கிறது. அதைவிட நல்ல யோசனை ஒன்றும் வந்தது.

"நான் வரல்ல. நீ எழுது மகள். கொப்பி கொண்டு வந்திரிக்கியா?"

கொண்டுவந்திருந்தாள். நான் சொல்லச் சொல்ல எழுதினாள்: சிப்பியை எடுப்பது, கழுவுவது, மணலை மாற்றுவது, தண்ணீரைச் சிதறவிடுவது, தேத்தண்ணியில் தேசிக்காய் விடாதது. எல்லாமாக ஒன்பது படி.

"ஒவ்வொரு படிக்கும் முன்னால, றம்லா கண்டுபிடித்தபடி எண்டு போடு."

"ஒவ்வொண்டுக்குமா?"

"ஒவ்வொண்டுக்கும். மறுகா அத நீதான் கொட்டில்ல நிண்டு சத்தமா வாசிக்கணும். மூத்தவாப்பாவும் இரிக்கணும், வேலையாக்கள் பன்னிரண்டு பேரும் இரிக்கணும்."

சஹ்லா பேனையைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். பிறகு சிரித்தாள். அன்று மேடையில் சிரித்த சிரிப்பு இல்லை, இது வேறு.

"கீழ கையெழுத்து வைங்க ராத்தா. இல்லாட்டி நானா எழுதினதெண்டு சொல்லுவாரு."

என் பெயரை எழுதினேன். ஆறுதலாக. றகரம் கொஞ்சம் கோணல். இருக்கட்டும்.

10.03.2025, திங்கள், நோன்பு 9

வாசித்தாயிற்றாம். நாலாவது "றம்லா"வில் முதலாளி கையைத் தூக்கிப் போதும் என்றாராம்.

"இன்னும் அஞ்சு இரிக்கி மூத்தவாப்பா" என்றாளாம் சஹ்லா.